மதகில் மாட்டிய துப்பட்டி

மதகுக்குப் பத்தடி முன்னால் பிஸ்தா நின்றுவிட்டது.

நடக்கப் பிடிக்காத நாட்களில் அந்தப் பூனை செய்வது வேறு. வாய்க்கால் கரையில் மல்லாந்து படுத்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, ‘இனி நீ சுமந்துகொண்டு போ’ என்பது போல ஃபஹ்மிதாவைப் பார்க்கும். இன்று படுக்கவில்லை. வயிறு மண்ணில் உரச, காதுகள் மண்டையோடு மடங்க, வால் மூன்று மடங்கு பருத்துப் போக, அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தை எழுப்பியது. அழுகையும் இல்லை, சீறலும் இல்லை. தூரத்தில் ரைஸ் மில் ஓடுவது போல நிற்காத, ஒரே சீரான உறுமல்.

“என்ன பிஸ்தா? பாம்பா?”

ஃபஹ்மிதா குனிந்து பார்த்தாள். பாம்பு இல்லை. நாய் இல்லை. பின்மத்தியானத்து அஸர் தொழுகை முடிந்து அரைமணி நேரம்கூட ஆகாத வெயில், நடவு முடிந்து பச்சை பிடித்த வயல்களின் மேல் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. மதகுப் பலகைக்கு அடியில் தண்ணீர் பீறிட்டு நுரைத்துக்கொண்டிருந்தது. பாசி வாசனை, யூரியா வாசனை, கரையில் யாரோ காயப்போட்ட வரட்டியின் வாசனை. எல்லாம் தினமும் இருப்பதுதான்.

ஆனால் பிஸ்தா தண்ணீரைப் பார்க்கவில்லை. மதகுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தது. பிறகு அதன் தலை மெதுவாகத் திரும்பியது. கரையில் யாரோ நடந்து வருவதைக் கண்ணால் தொடர்வது போல, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பார்வை ஃபஹ்மிதாவின் வலது தோளில் வந்து நின்றது.

அங்கேயே நின்றது.

அடுத்த நொடி, நடைக்குக் கட்டியிருந்த கயிற்றை அறுத்துவிடும் வேகத்தில் பின்னால் பாய்ந்தது. தூக்கப் போனவளின் முழங்கையில் நாலு கோடு கிழித்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் தோளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தது.

பூனை அவளுடையதாக இருந்திருந்தால் பயத்தைவிடக் கவலைதான் வந்திருக்கும். அது ஓரகத்தி இர்ஃபானாவின் பூனை. அதனால் எரிச்சல்தான் வந்தது.

இர்ஃபானா அந்த வீட்டுச் சின்ன மருமகள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். போன மாதம் அவள் புருஷன் ஷேக் பரீத் துபாயிலிருந்து ஃபேமிலி விசா அனுப்பினான். பத்தே நாளில் பெட்டி கட்டிக் கிளம்பிவிட்டாள். ஃபஹ்மிதா மூத்த மருமகள்; இர்ஃபானாவுக்கு ‘லாத்தா’, அக்கா முறை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவள் புருஷன் லியாகத் அலி சவூதியில், தம்மாமில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். இந்த ஒன்பது வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது மொத்தம் பதினோரு மாதம். விசா பற்றிக் கேட்டால் “பார்க்கலாம் புள்ள, கம்பெனியில சொல்லியிருக்கேன்” என்பார். ஒன்பது வருஷமும் அதே பதில்.

கிளம்புகிற அன்று இர்ஃபானா வாசலில் நின்று அழுதாள். புருஷனைப் பார்க்கப் போகிறவள் அழுதது பூனைக்காக. “லாத்தா, பிஸ்தாவை மட்டும் பார்த்துக்குங்க. சாயங்காலம் ஒரு நடை கூட்டிட்டுப் போகலேன்னா சாப்பிடாது.” சார்ஜாவிலிருந்து வந்த ஒரு வீடியோ கேசட்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரி பூனையைக் கயிற்றில் பிடித்து நடத்திப் போனதைப் பார்த்து, அவளும் நீல நைலான் பட்டையில் ஒரு கயிறு செய்து பழக்கிவிட்டிருந்தாள்.

ஒன்பது வருஷமா என்னை ஒரு நடை கூட்டிட்டுப் போக ஆளில்லை, உன் பூனைக்கு நான் போகணுமா என்று ஃபஹ்மிதாவுக்கு வாய் வரை வந்தது. “நீ நிம்மதியாப் போயிட்டு வா” என்று சொன்னாள்.

ஊரே சிரித்தது. மதகு திறந்து மூடும் லஸ்கர் கோவிந்தராசு தினமும் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்: “என்ன தங்கச்சி, நம்ம ஊர்ப் பூனையெல்லாம் துபாய்க்குப் போகாமலே நாயாயிடுச்சா?” அவளும் சிரித்துவைப்பாள். சிரித்து முடித்ததும் வயிற்றுக்குள் ஏதோ புளிக்கும்.

போன வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் கையில் பார்சல் வந்தது. பிரித்தால் கறுப்புப் பர்தா. கைப்பட்டியில் பொடிப்பொடியாகக் கல் பதித்த, தொட்டால் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற துணி. கூடவே ஒரு சீட்டு: ‘லாத்தா, இங்கே எல்லாரும் இதுதான் போடுறாங்க. உங்க உயரத்துக்கு ரொம்ப நல்லா இருக்கும்.’

அந்த ஊர்ப் பெண்கள் வெளியே போகும்போது சேலைக்கு மேல் தலையிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொள்வார்கள். நாலைந்து வருஷமாக ஒவ்வொரு வீடாகக் கறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. யார் வீட்டு ஆம்பளை அனுப்புகிறான், யார் வீட்டு ஆம்பளை அனுப்பவில்லை என்பது தெருவில் நடக்கும்போதே தெரிந்துவிடும். ஃபஹ்மிதா இன்னும் வெள்ளையில்தான் இருந்தாள். இப்போது கறுப்பு வந்துவிட்டது. புருஷன் அனுப்பியதல்ல, ஓரகத்தி போட்ட பிச்சை. அந்தச் சீட்டில் ஒரு சின்னக் குத்தலாவது இருந்திருந்தால் அவளால் தூங்கியிருக்க முடியும். இர்ஃபானா நிஜமான அன்போடு எழுதியிருந்தாள். அதுதான் எரிந்தது.

மாமியார் கமருன்னிஸா பழைய துப்பட்டியை மடித்துக் கையில் கொடுத்தார். “பின்தெரு ஆயிஷா கேட்டுக்கிட்டிருந்தா. அவ கையிலேயே கொடு. ‘ஆயிஷா, இது உனக்கு’ன்னு பேர் சொல்லிக் கொடு. உடம்புல கிடந்த துணி, யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சு போகணும். கண்ட இடத்துல போட்டுட்டு வராதே.”

சனிக்கிழமை சாயங்காலம் ஆயிஷா வீட்டுக்குப் போகத்தான் கிளம்பினாள். கையில் பூனை, அக்குளில் துப்பட்டி. அன்று மத்தியானம்தான் இர்ஃபானா போன் பண்ணியிருந்தாள். இருபதாவது மாடிக்கு லிஃப்டில் போனாளாம். அங்கிருந்து கடல் முழுசாகத் தெரிந்ததாம். “உங்களை நினைச்சுக்கிட்டேன் லாத்தா.” கரையில் நடக்க நடக்க அந்தக் கடல் ஃபஹ்மிதாவின் நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டே வந்தது. மதகருகில் வந்தபோது நின்றாள். பலகையை ஏற்றி இறக்கும் திருகுக் கம்பி அங்கே இடுப்புயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். துப்பட்டியை உதறி அந்தக் கம்பியில் மாட்டினாள்.

“வேணுங்கிறவ எடுத்து உடுத்திக்கட்டும். இந்தப் பொழப்பையும் சேர்த்து எடுத்துக்கட்டும். எனக்கு வேணாம்.”

சத்தமாகவே சொன்னாள். கேட்க யாரும் இல்லை என்று நினைத்தாள்.

“ஆயிஷா கையில கொடுத்துட்டியா?” என்று மாமியார் கேட்டபோது, “கொடுத்துட்டேன் மாமி” என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கம்பியில் துப்பட்டி இல்லை. யாரோ ஏழைப்பட்டவள் எடுத்துப் போயிருப்பாள் என்று அவள் நினைத்துக்கொண்ட அந்தச் சாயங்காலம்தான் பிஸ்தா முதல் தடவையாக நின்றது.

திங்கட்கிழமையும் நின்றது. பத்தடிக்கு முன்னால், அதே இடத்தில். அதே உறுமல். அவள் தோளை நோக்கி வந்த அதே பார்வை. இந்தத் தடவை ஃபஹ்மிதாவின் மூக்கிலும் ஒன்று பட்டது. வலது பக்கமிருந்து, மிக அருகிலிருந்து, ரொம்ப நாள் தண்ணீரில் கிடந்த துணியின் வாடை.

திரும்பி வரும் வழியில் கோவிந்தராசு சைக்கிளில் எதிரே வந்தார்.

“ஏன் தங்கச்சி, நேத்து பாங்கு சொன்ன பிறகும் மதகுகிட்டயே நின்னுக்கிட்டிருந்தீங்களே? வூட்ல ஏதும் சண்டையா?”

“நானா? நான் வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போயிட்டேனே.”

“நல்லாப் பார்த்தேனே. வெள்ளைத் துப்பட்டி. குரல் கொடுத்தேன், நீங்க திரும்பலை. தண்ணி சத்தத்துல கேக்கலை போலன்னு போயிட்டேன்.”

“வேற யாராவது இருக்கும்ணே.”

“இருக்கும்.” அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஆனா நிக்கிறது உங்க மாதிரியே நின்னுச்சு. இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு.”

ஃபஹ்மிதாவுக்கு இடது காலில் சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியிருக்கும். சின்ன வயதில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறியது. அந்தக் காலைச் சாய்த்துத்தான் நிற்பாள்.

செவ்வாய்க்கிழமை பிஸ்தா தெருமுனையைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆக்கிவிட்டது. இழுத்தாள், தூக்கினாள், கருவாட்டுத் துண்டைக் காட்டினாள். கரை ஏறவேயில்லை. அலுத்துப்போய்த் திரும்பி வீட்டுக்குள் நுழைந்தபோது கமருன்னிஸா கூடத்தில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

“அதுக்குள்ள எங்கே போயிட்டு வர்றே? அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல ரெண்டு ரக்அத் தொழுவேன்னு பார்த்தா, மறுபடியும் பூனையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டே.”

“எதுக்கு மாமி நன்றி?”

“இது என்ன கேள்வி? விசா வந்ததுக்குத்தான்!”

ஃபஹ்மிதாவின் கையிலிருந்து பிஸ்தா குதித்து அலமாரிக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

“யாருக்கு விசா?”

“உனக்கு என்ன ஆச்சு புள்ள? அரைமணி நேரம் முன்னாடி லியாகத் போன் பண்ணான். நீதானே எடுத்தே? வெள்ளிக்கிழமை பொழுது சாயுறப்ப, மஃரிபுக்குள்ள வந்துருவான், திரும்பிப் போகும்போது உன்னையும் தம்மாமுக்குக் கூட்டிட்டுப் போறான். கேட்டுட்டு எவ்வளவு சிரிச்சே! இந்த வீட்டுக்கு நீ வந்த நாள்லேர்ந்து இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.” மாமியார் குரலைத் தாழ்த்தினார். “ஆமா, அந்தப் பழைய துப்பட்டியை ஏன் மறுபடி சுத்திக்கிட்டு வந்தே? ஆயிஷாகிட்டே கொடுத்துட்டேன்னு சொன்னியே? தரையெல்லாம் ஈரம். கொல்லை வழியா எவ்வளவு தண்ணியை இழுத்துட்டு வந்திருக்கே பாரு.”

போன் கூடத்து மூலையில், லேஸ் விரித்த முக்காலியில் இருந்தது. ஃபஹ்மிதா ரிசீவரைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. பேசுகிற துளைகளில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்தாள். பாசி.

ஒன்பது வருஷம் காத்திருந்த ஒரு வார்த்தை. அது வந்தபோது கேட்டது வேறு யாரோ.

பயம் வர வேண்டிய இடத்தில் முதலில் வந்தது அது இல்லை. பழகிய புளிப்புதான் வந்தது, வயிற்றின் அதே இடத்தில். அவளுடைய சந்தோஷத்தை எவளோ சிரித்துத் தீர்த்துவிட்டாள்.

புதன்கிழமை லியாகத் அலி மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை மணியடித்த மறுநொடியே ஃபஹ்மிதா பாய்ந்து எடுத்தாள்.

“நேத்து நான் என்னங்க சொன்னேன்?”

“ஏன் புள்ள, மறந்துட்டியா? நான்தான் தூங்கவே இல்லை.” கடலுக்கு அப்பாலிருந்து வந்த குரலில் இதுவரை கேட்காத ஒரு குழைவு. “நீ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எப்பவும் ஃபோன்னாலே குறைதான். நேத்து ஒரு குறை இல்லை. ‘நீங்க கூப்பிட்டதே போதும், என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க’ன்னு திரும்பத் திரும்பச் சொன்னே. நான் ஃபஹ்மிதா, ஃபஹ்மிதான்னு சொல்ல, நீ சிரிச்சுக்கிட்டே இருந்தே. பின்னாடி மழையா அங்கே? ஒரே தண்ணி சத்தம்.”

‘அது நானில்லை’ என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொன்னால் அந்தக் குழைவு போய்விடும். அது இன்னொருத்திக்காக வந்த குழைவு.

“ஆமாங்க, மழை” என்றாள்.

வியாழக்கிழமை அவள் கரைக்குப் போகவில்லை. கொல்லைக் கதவைத் தாழிட்டு, அம்மிக்கல்லை உருட்டி வைத்தாள். இருட்டுவதற்குள் விளக்குகளைப் போட்டாள். பிஸ்தா சாப்பிடாமல், கொல்லைக் கதவையே பார்த்தபடி கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. மஃரிப் பாங்கு முடிந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கி ‘டக்’கென்று அணைந்த நொடியில் அதன் முதுகு ரோமம் எழுந்து நின்றது. தலை மெதுவாகத் திரும்பியது. கதவிலிருந்து அடுப்படி. அடுப்படியிலிருந்து கூடம். கூடத்திலிருந்து ஃபஹ்மிதாவின் அறை. அங்கே போய் நின்றது.

“மாமி, இங்கே கொஞ்சம் வாங்களேன்.”

“இரு புள்ள, இஞ்சி தட்டிக்கிட்டிருக்கேன். இப்பத்தானே ஒரு டீ வாங்கிட்டுப் போனே, அதுக்குள்ள இன்னொண்ணா?”

சிவப்பு சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் இருந்தன. கொல்லைக் கதவின் தாழ் போட்டபடியே இருந்தது, அம்மிக்கல் வைத்த இடத்தில் இருந்தது. காலடிகள் அறைக்குள் போயிருந்தன. அலமாரிக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றிருந்தன. பிறகு கட்டிலுக்கு, அவள் படுக்கும் பக்கத்துக்கு. திரும்பி வந்த தடம் இல்லை. தலையணைக்குப் பக்கத்தில் டீ கிளாஸ், குடித்து முடித்தது.

இடது பாதத்தின் தடத்தில் சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியிருந்தது.

ஃபஹ்மிதா அன்று இரவு மாமியாரின் கட்டிலில் படுத்துக்கொண்டாள். தன் அறைக் கட்டிலின் நார் விடியும்வரை அவ்வப்போது முனகியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வீடு நெய்ச்சோற்று வாசனையில் மிதந்தது. மெட்ராஸ் ஏர்போர்ட்டில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, திருவாரூர் தாண்டியதும் பூத்திலிருந்து கூப்பிடுவதாக லியாகத் அலி சொல்லியிருந்தார். அஸருக்குப் பிறகு கூப்பிட்டார். இன்னும் ஒரு மணி நேரம்.

ஒரு மணி நேரம். அவர் வாசலில் இறங்கும்போது எந்த ஃபஹ்மிதா முன்னால் போய் நிற்பாள்?

குறை சொல்லாதவளா? குறை சொல்கிறவளா? அவருக்கு எவளைப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

விடிந்ததிலிருந்து ஒரே நினைப்பாக இருந்தவளுக்கு மாமியாரின் வார்த்தைதான் வழி காட்டியது. கையில் கொடுக்கணும். பேர் சொல்லிக் கொடுக்கணும். அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. யார் பேரையும் சொல்லவில்லை. அப்படியானால் துப்பட்டி இன்னும் அவளுடையதுதான். திரும்ப எடுத்துக்கொண்டால் போதும். கிழிந்ததாக இருந்தாலும் அவளுடைய பொருள் வேறு எவளுக்கும் கிடையாது.

கறுப்புப் பர்தாவை மாட்டிக்கொண்டாள். பிஸ்தாவுக்குக் கயிறு கட்டினாள். பூனையின் கண் இல்லாமல் அங்கே போக முடியாது; அவள் கண்ணுக்குத் தெரியாததை அது பார்க்கும்.

“இந்த நேரத்துலயா? அவன் வர்ற நேரத்துலயா?” என்று மாமியார் உள்ளிருந்து கத்தினார்.

“இதோ வந்துடறேன் மாமி.”

கரையில் யாருமில்லை. காற்று நின்றுபோயிருந்தது. நாற்றுகளின் நுனிகூட அசையவில்லை. வழக்கமாகக் கத்தும் தவளைகள் கத்தவில்லை. மதகுத் தண்ணீர் மட்டும் இரைந்தது. பிஸ்தா முதலில் இழுத்தது, பிறகு இழுக்கவில்லை. வயிற்றைத் தேய்த்தபடி, நடுங்கியபடி, அவள் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பத்தடி. அங்கே நின்றது. பார்த்தது.

பார்வை நகரவில்லை. மதகின் மேலேயே நின்றது.

திருகுக் கம்பியில் வெள்ளைத் துப்பட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மாட்டிய அதே மாதிரி. சொட்டச் சொட்ட.

“என் துணி” என்றாள் ஃபஹ்மிதா. “நான் யாருக்கும் கொடுக்கலை.”

எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

பார்சல் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தாளோ அப்படியே ஆகிவிட வேண்டும். சேலை, வெள்ளைத் துப்பட்டி. அவ்வளவுதான். இர்ஃபானா போட்ட பிச்சை உடம்பில் இருக்கக் கூடாது. பர்தாவைக் கழற்றினாள். சேறு படாமல் வைக்க வேறு இடமில்லை. கம்பியில் மாட்டினாள். துப்பட்டியை உதறித் தலைமேல் போட்டாள், சுற்றினாள், முனையை அக்குளில் செருகினாள்.

குளிர்.

துணியின் குளிர் இல்லை. உள்ளே இறங்கிய குளிர். எலும்பு வரை. தொண்டை வரை.

கையில் கயிறு இல்லை.

திரும்பினாள். கம்பி வெறுமையாக இருந்தது.

கரையில், ஊரைப் பார்த்து, ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். கறுப்புப் பர்தா. கைப்பட்டிக் கற்கள் கடைசி வெயிலில் மின்னின. இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தாள். அவள் கையில் நீலக் கயிறு. கயிற்றின் முனையில் பிஸ்தா.

வாலைத் தூக்கிக்கொண்டு. அவள் காலில் உரசிக்கொண்டு.

“பிஸ்தா!”

பூனை நின்றது. திரும்பியது. ஃபஹ்மிதாவைப் பார்த்தது.

வயிறு மண்ணில் பட்டது. காது மடங்கியது. வால் பருத்தது.

அவள் ஓடினாள். பத்தடி ஓடினாள். பதினோராவது அடியில் கால் ஊன்றவில்லை. மறுபடி ஓடினாள். மறுபடி மதகடியில் நின்றாள். மறுபடி. மறுபடி.

தார் ரோட்டில் ஓர் அம்பாசடர் வந்தது. கூரைமேல் பெரிய பெரிய பெட்டிகள், கயிறு போட்டுக் கட்டியவை. முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தை வெளியே நீட்டி, வயலையும் வாய்க்காலையும் மூன்று வருஷப் பசியோடு பார்த்துக்கொண்டு வந்தார் லியாகத் அலி. அவர் பார்வை கரைமேல் ஓடியது. மதகுக்கு வந்தது. அவளுக்கு வந்தது. தாண்டிப் போயிற்று.

தெருமுனையில் கார் நின்றது. பூனையோடு வந்தவள் அங்கேதான் நின்றிருந்தாள். அவர் இறங்கினார். அவள் முகத்துணியைத் தூக்கினாள். இவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தச் சிரிப்பு கேட்டது. மாமியார் சொன்னது சரி. ஃபஹ்மிதா அப்படிச் சிரித்ததே இல்லை.

பாங்கு கேட்டது. இருட்டியது. கோவிந்தராசு சைக்கிளில் வந்தார். மதகருகில் கால் ஊன்றி, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“யாரும்மா அது? இன்னுமா நிக்கிறீங்க? வூட்டுக்குப் போகலியா?”

அவள் வாயைத் திறந்தாள்.

தண்ணீர் சத்தம்தான் வந்தது.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு பெடலை மிதித்தார்.

ஒரு மாதம் கழித்து அதே ரோட்டில் அதே மாதிரி ஒரு கார் எதிர்த்திசையில் போனது. பின் சீட்டில் கறுப்புப் பர்தா. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் மதகு வரும்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

மார்கழி போனது. தை போனது. அறுவடை முடிந்து மேலே அணையை மூடினார்கள். ஒருநாள் மதகில் தண்ணீர் இரையவில்லை. வாய்க்கால் வற்றிச் சேறாகி, சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. அன்றிலிருந்து ஃபஹ்மிதாவுக்கு அந்தச் சத்தமும் இல்லை.

சித்திரையில் இர்ஃபானா வந்தாள்.

ஏழு மாத வயிறு. தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். தங்க நிறத்தில் வார் வைத்த செருப்பு. கையில் புதுச் சிவப்புக் கயிறு. அந்த முனையில், கொழுத்துப்போன பிஸ்தா. கரையில் மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஃபஹ்மிதா பார்த்தாள். முதலில் வயிற்றை. பிறகு செருப்பை. பிறகு அந்தக் கன்னத்துச் செழிப்பை. வயிற்றுக்குள் ஒன்றுமே இல்லாமல் போனவளுக்கும் அந்த இடம் மட்டும் மிச்சம் இருந்தது. புளித்தது.

பத்தடிக்கு முன்னால் பிஸ்தா நின்றுவிட்டது.

“என்னடா? அங்கே என்ன இருக்கு? ஒண்ணுமில்லையே.” இர்ஃபானா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வியர்வையைத் துடைத்தாள். யாருமில்லாத கரையில், பூனையிடம், மனசைத் திறந்தாள்.

“சலிச்சுப் போச்சு பிஸ்தா. இருபது மாடிக்கு மேலே அடைச்சுப்போட்டா, பேசுறதுக்கு ஓர் ஆள் இல்லை. அவரு ராத்திரிதான் வருவாரு, வந்ததும் தூங்குவாரு. தம்மாம்லேர்ந்து லாத்தா போன் பண்ணா ஒரே சிரிப்பு. மச்சான் அவங்களைத் தாங்குறாராம். கொடுத்து வச்சவங்க.” அவள் ஒரு கல்லைக் காலால் எத்தினாள். அது வறண்ட வாய்க்காலில் விழுந்தது. “நம்மளும் இருக்கோமே. இந்தப் பொழப்பை...”

நிறுத்தினாள். பெருமூச்சு விட்டாள்.

ஃபஹ்மிதா ஓரடி எடுத்து வைத்தாள். இன்னும் ஓரடி.

சொல்லு.

இன்னும் ஒரு வார்த்தை. சொல்லிடு.

பிஸ்தாவின் தொண்டையில் உறுமல் எழுந்தது. அதன் தலை மெதுவாகத் திரும்பியது. பார்வை மதகிலிருந்து, வெடித்த மண்ணைத் தாண்டி, கரைமேல் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக வந்து, இர்ஃபானாவின் வலது தோளில் நின்றது.